மாதாவுக்கு ஒரு மொட்டை மாடி

நான் பல் டாக்டர் கிளினிக் ஒன்றில் ரிசப்ஷனில் இருக்கிறேன். வருகிறவர்களின் வாயைத் திறக்க வைப்பது டாக்டர் வேலை, மூட வைப்பது என் வேலை. அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் உள்ளே நுழையப் பார்க்கிற ஆளை ஒரு முறை முறைத்தே நாற்காலியில் உட்கார வைத்துவிடுவேன். அப்பேர்ப்பட்ட குளோரியாவையே வருடா வருடம் அக்டோபர் மாதத்தில் ஒருவர் வாயடைத்து நிற்க வைத்தார் என்றால், அவர் எங்கள் டோரதி அக்காவாகத்தான் இருக்க முடியும்.

அக்டோபர் எங்களுக்கு ஜெபமாலை மாதம். எங்கள் பேட்டையான அடுகோடியில் எங்கள் தெருவையும் பக்கத்துத் தெருக்களையும் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அன்பியம் என்று ஒரு ஜெபக் குழு உண்டு. மாதம் பூராவும் மாதா சுரூபம், அதாவது சிலை, தினம் ஒரு வீட்டுக்குப் போகும். சாயங்காலம் எல்லோரும் மெழுகுவர்த்தி பிடித்துப் பாட்டுப் பாடி சுரூபத்தைக் கொண்டுவருவார்கள். அந்த வீட்டில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வார்கள். அப்புறம் சுண்டல், காபி, ஊர்வம்பு. ராத்திரி மாதா அங்கேயே தங்குவார், மறுநாள் அடுத்த வீடு.

எங்கள் முறை வரும்போது மட்டும் கதை மாறும். அன்பியத்தின் தலைவி டோரதி அக்கா. எங்கள் வீட்டு வாசலில், படிக்குக் கீழேயே நின்றுகொண்டு, "குளோரியா, உங்க ஹால்ல எடம் பத்தாதும்மா. ஜெபத்த எங்க வீட்லயே முடிச்சிட்டு மாதாவ மட்டும் அனுப்பி வெக்கிறேன்" என்பார். அதற்கு நான் என்ன சொல்ல? இடம் இல்லைதான். கீழே கிருஷ்ணப்பாவின் வெல்டிங் கடை, மேலே நாங்கள். எங்கள் ஹாலில் ஒரு சோபாவும் ஒரு பீரோவும் போட்டதற்கே டி.வி. சுவரில் ஏறிக்கொண்டது.

ஆகவே ஜெபம் டோரதி அக்காவின் பெரிய ஹாலில் நடக்கும். நான் குண்டான் நிறையச் சுண்டல் அவித்து அங்கே தூக்கிப் போவேன். அவருக்கு வேண்டியவர்கள் சோபாவில் உட்காருவார்கள். எனக்குச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாய். எல்லாம் முடிந்து, என் கணவரும் மகனும் மாதாவைத் தூக்கி வந்து எங்கள் பீரோமேல் வைப்பார்கள். காலையில் நான் வேலைக்கு ஓடிவிடுவேன். தெருவுக்குத் தெரு பி.ஜி. விடுதிகளில் தங்கியிருக்கும் ஐ.டி. பிள்ளைகளைப்போல மாதா எங்கள் வீட்டுக்குத் தூங்க மட்டும் வந்து போனார். எனக்கு வயிறு எரியும். ஊரில் எல்லார் வீட்டுக்கும் வருகிற ஜெபம் என் வீட்டுக்கு வராத அளவுக்கு நான் என்ன குறைந்துபோனேன் என்று அந்த ராத்திரிகளில் அழுதும் இருக்கிறேன்.

போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி, இன்னொரு மூலையில் சோலார் ஹீட்டர், நடுவில் கொடிக்கயிறு, உடைந்த வாஷிங் மெஷின், ஜாய்சனின் சின்ன வயது சைக்கிள். கையில் ஈரப் போர்வையோடு அப்படியே நின்றுவிட்டேன். அடிப்பாவி! இத்தனை இடத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டா இடமில்லை, இடமில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தேன்?

"இந்த வருஷம் ஜெபம் மாடியில. நம்ம மாடியில" என்று கீழே வந்து அறிவித்தேன்.

மகன் ஜாய்சன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினான். "சூப்பர் மம்மி! அவுட்டோர் லிவிங் ஸ்பேஸ். என்கூட வேல செஞ்ச ரக்ஷிதா இப்ப ஐ.டி.ய விட்டுட்டு இதான் பண்றா. கூட்டிட்டு வரேன்."

என் வீட்டுக்காரர் ரெமிஜியஸ் லிஃப்ட் மெக்கானிக். ஊர் ஜனத்தை மேலே ஏற்றி இறக்குவதே தொழில். அவர் பேப்பரை மடித்து வைத்தார். "வீட்டக் கட்டிப் பாரு, கல்யாணத்தப் பண்ணிப் பாருன்னாங்க. மொட்ட மாடிய ஜோடிச்சுப் பாருன்னு யாரும் சொல்லல குளோரி. சொல்லாததுக்கு ஒரு காரணம் இருக்கும்."

"நீங்க வாய மூடுங்க" என்றேன். மூடிக்கொண்டார். என் தொழில் பழக்கம்.

ரக்ஷிதா வந்தாள். மூக்குத்தி, கலைந்த கொண்டை, கையில் லேசர் வைத்து அளக்கிற கருவி. வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், தனக்குள் இங்கிலீஷ். மாடியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "வாவ் ஆன்ட்டி, துணிய மட்டும் காய வெக்கிற ஜாகா இல்ல இது" என்றாள். எனக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று.

"இங்க எல்-ஷேப் சோபா. அங்க ஸ்விங். கீழ ஆர்ட்டிஃபிஷியல் புல்லு. மேல பெர்கோலா, அதுல லைட்ஸ். நடுவுல ஃபயர் பிட்."

"அது என்னது?"

"நெருப்பு, ஆன்ட்டி. சுத்தி உக்காந்து குளிர் காயலாம்."

"கீழ கிருஷ்ணப்பா நாள் பூரா நெருப்புப் பொறிதான் பறக்கவிடுறாரு. அது போதும். அப்புறம் அந்த பெர்கோலா?"

மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கிய பந்தலின் படத்தைக் காட்டினாள்.

"மழ வந்தா?"

"ஓப்பன் ஃபீல் வரும் ஆன்ட்டி."

"ஃபீல் நனஞ்சிருமேம்மா" என்றேன். ஆனாலும் படத்தில் அழகாக இருந்தது. சரி என்றேன்.

"யூஸ் பண்றது எஷ்டு ஜன, எத்தன பேரு?" என்று கேட்டாள்.

"எல்லாரும்."

"எல்லாரும் அந்த்ரே?"

"எல்லாரும்னா எல்லாருந்தான். என் வீட்ல ஒருத்தர்கூட தரையில உக்காரக் கூடாது. சோபா சிலருக்கு, பாய் சிலருக்குன்னு கெடையாது. வர்ற ஒவ்வொருத்தருக்கும் சீட்டு."

அந்தப் பெண் தலையைச் சொறிந்துகொண்டு எழுதிக்கொண்டாள். கிளம்பும்போது வெளிப்படியில் இறங்கியவள் பாதியில் நின்றாள். வாசலிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறும் படி அது. ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் வெறும் காற்று. வீட்டுக்குள்ளிருந்து மாடிக்குப் போகிற படிக்கு இரண்டு பக்கமும் சுவர் உண்டு. இதற்கு மட்டும், கட்டும்போது கையில் காசு தீர்ந்ததால், கைப்பிடி வைக்கவில்லை. அப்புறம் அது கண்ணிலேயே படவில்லை.

"ஆன்ட்டி, இந்த மெட்டிலுக்கு ரெயிலிங் இல்லவா? வயசானவங்க யாராவது வந்தா?"

"எங்க ஆளுங்க வேளாங்கண்ணிக்கு நடந்தே போறவங்கம்மா. இந்தப் படி அவங்கள என்ன பண்ணிரும்? ரெயிலிங் அப்புறம் பாக்கலாம், மொதல்ல ஊஞ்சல்."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மாடிப் பேச்சைத் தவிர வேறு பேச்சே இல்லை. ஊஞ்சலைக் கிருஷ்ணப்பாவே கீழே கடையில் இரும்புக் குழாயில் செய்தார். நானும் ரெமிஜியஸும் சனிக்கிழமைதோறும் சிவாஜிநகர் போனோம். பழைய மரச்சாமான் கடையில் பிரம்பு நாற்காலி, முக்காலி, மடக்கு நாற்காலி, பெஞ்சு என்று கண்ணில் பட்டதிலெல்லாம் உட்கார்ந்து பார்த்தேன். கடைக்கார பாய் மிரண்டுபோனார்.

"க்யாம்மா, ஹோட்டல் தெறக்கறீங்களா?"

"ஹோட்டல் நக்கோ பாய், ஜெபம்."

"ஜெபத்துக்கு இத்தன குர்ச்சியா? நாங்க எல்லாம் கீழதான் உக்காருவோம், அல்லாவுக்குக் கேக்குதே" என்றார். ரெமிஜியஸ் சிரித்தார். நான் இரண்டு பேரையும் முறைத்தேன்.

மெத்தை உறைக்குத் துணிக்கடைகளில் ஏறி இறங்கி, மழைக்கும் வெயிலுக்கும் தாங்குகிற நீலக்கோடு போட்ட துணி எடுத்தேன். மாதாவுக்கு நீலம் பிடிக்கும், அவர் சால்வையைப் பார்த்தாலே தெரியும்.

சோபா வந்த அன்றுதான் பெரிய திருவிழா. எல் வடிவத்தில் இரண்டு பாகம். ஒன்று எப்படியோ படியேறிவிட்டது. நீளமானது திரும்பவே மாட்டேன் என்றது. கடைசியில் கிருஷ்ணப்பா கடையிலிருந்த சங்கிலிக் கப்பியைத் தூக்கி வந்து மாடியில் மாட்டினார். ரெமிஜியஸ் தன் லிஃப்ட் அறிவையெல்லாம் இறக்கினார். சோபா கயிற்றில் ஏறத் தொடங்கியது. முதல் மாடி உயரத்துக்கு வந்ததும் இன்டர்நெட் கேபிளில் இடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. கீழே ஆட்டோக்கள் நின்று ஹாரன் அடித்தன. தெருவே அண்ணாந்து பார்த்து ஆலோசனை சொன்னது. "நிதானா! நிதானா!" என்று கிருஷ்ணப்பா கத்தினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் டோரதி அக்கா கோயிலிலிருந்து வந்தார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கையில் ஜெபமாலை, நிமிர்ந்த நடை. தலைக்குமேல் தொங்கும் சோபாவைப் பார்த்தார்.

"என்ன குளோரியா, வீடு காலி பண்றியா?"

"இல்லக்கா. இந்த வருஷம் எங்க வீட்டு ஜெபம் எங்க வீட்லயே. மாடியில. எல்லாருக்கும் சீட்டு இருக்கு" என்று தெரு கேட்கச் சொன்னேன்.

அவர் முகம் விழுந்துபோயிற்று. சோபாவைப் பார்க்கவில்லை, எங்கள் படியைப் பார்த்தார். "மாடியிலயா? அக்டோபர்ல மழ வருமேம்மா" என்றார்.

"வந்தா பாத்துக்கலாங்கக்கா."

ஜெபமாலையை உருட்டிக்கொண்டே போய்விட்டார். எனக்குத் தித்திப்பாக இருந்தது. பொறாமை! அவருடைய ஹாலுக்குப் போட்டி வந்துவிட்டதே! அன்றைக்கு ரெமிஜியஸுக்கு நானே கூப்பிட்டு இரண்டாவது காபி கொடுத்தேன்.

எங்கள் முறை வந்தது. லீவு போட்டேன். மத்தியானத்துக்குள் மாடி தயாராகிவிட்டது. பச்சைப் புல், நீலக்கோட்டு மெத்தைகள், தொட்டியை மறைத்து மூங்கில் தட்டி, அதன் முன்னால் வரிசையாக அரளியும் மணி பிளான்ட்டும், பெர்கோலாவில் விளக்குச் சரம். ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு முறை உட்கார்ந்து பார்த்தேன். ரக்ஷிதா போட்டோ எடுத்துத் தள்ளினாள்.

"ஆன்ட்டி, நீங்க சொன்ன ஸ்டாச்சு எங்க வெக்கணும்?"

சுற்றிலும் பார்த்தேன். சோபா, பெஞ்சு, நாற்காலி, முக்காலி, இடையில் நடக்க ஒற்றையடிப் பாதை. எள் போட்டால் எள் விழாது. சேசுவே! ஊர் ஜனம் அத்தனைக்கும் இடம் போட்ட நான் மாதாவுக்கு இடம் போட மறந்துபோனேன்!

"எல்லாரும் வந்துருவாங்க, மாதாவ மட்டும் டோரதி அக்கா வீட்லயே வெச்சுக்கச் சொல்லலாமா?" என்றார் ரெமிஜியஸ். அந்த மனிதருக்கு எந்த நேரத்தில் எதைப் பேசுவது என்று தெரியவே தெரியாது.

காலியாக இருந்தது ஊஞ்சல் ஒன்றுதான். கிருஷ்ணப்பாவைக் கூப்பிட்டு அது ஆடாமல் இருக்கக் கயிறு கட்டச் சொன்னேன். "ஆடினா என்ன அக்கா? நம்ம கோயில்ல தேவரு ஊஞ்சல்லதான் ஜம்முனு உக்காருவாரு" என்றார்.

"உங்க சாமிக்குப் பழக்கம். எங்க மாதாவுக்குத் தல சுத்திருச்சுன்னா?"

சிரித்துக்கொண்டே நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினார். நான் என் கல்யாணப் பட்டுப்புடவையை விரித்தேன்.

சாயங்காலம் பாட்டுச் சத்தம் தெருமுனையில் கேட்டது. மெழுகுவர்த்திகளோடு கூட்டம் வாசலுக்கு வந்து, படியேறி, எங்கள் ஹால் வழியாக மாடிக்கு வந்தது. ஜாய்சன் மாதாவை ஊஞ்சலில் வைத்தான். "அடேயப்பா!" "குளோரியா, இது ரிசார்ட்டா வீடா?" "என்னடி, சொல்லவேயில்ல!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். செல்ஃபி எடுத்தார்கள். ஒருத்தர் பாக்கியில்லாமல் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் ஒரு பிரம்பு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. இருப்பதிலேயே தடிமனான மெத்தை போட்டு டோரதி அக்காவுக்கு என்று நான் வைத்தது. என் வீட்டு மெத்தையில் அவர் உட்காருவதை நான் பார்க்க வேண்டும்!

"அக்கா எங்க?" என்று பக்கத்துத் தெரு ஆஷ்லியைக் கேட்டேன்.

"கீழ நிக்கிறாங்க. தலவலியாம். நம்மள ஆரம்பிக்கச் சொன்னாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தலைவலியாம், தலைவலி! தெருவெல்லாம் பாடிக்கொண்டு வரும்போது வராத தலைவலி என் வாசலுக்கு வந்ததும் வந்ததா? தலைவி இல்லாமல் நடந்தால் அது என்ன ஜெபம்? குளோரியா வீட்டுக்கு டோரதி வரவில்லை என்று நாளைக்கு ஊரே பேசாதா? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "யாரும் ஆரம்பிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறு என்று கீழே இறங்கினேன்.

டோரதி அக்கா கிருஷ்ணப்பாவின் கடை வாசலில், ஒரு இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஜெபமாலை விரலில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க்கா, எங்க வீட்டுப் படி உங்க காலுக்கு ஆவாதா? எடம் இல்ல, எடம் இல்லன்னீங்க. இப்ப எடமும் பண்ணிட்டேன். இன்னும் என்ன வேணும் உங்களுக்கு? எங்க வீட்ல உக்காந்தா கொறஞ்சா போயிருவீங்க?"

கிளினிக் குரலில் கேட்டேன். அவர் வழக்கம்போல ஒரு வார்த்தையில் என் வாயை அடைப்பார் என்றுதான் நினைத்தேன். அடைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எடம் இல்லன்னு சொன்னதெல்லாம் பொய் குளோரியா."

"அப்புறம்?"

"ஸ்ரீராம்புரத்துல என் தம்பி மக கல்யாணம். மண்டபத்துப் படியில வழுக்கி உருண்டுட்டேன். கீழ வரைக்கும். பொடவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அடி ஒண்ணும் பெருசில்ல. ஆனா சனங்க சிரிச்சிருச்சு. அதுலேர்ந்து பிடிக்க ஒண்ணுமில்லாத படியப் பாத்தாலே காலு ரெண்டும் நடுங்குதுடி. இந்தப் பயம் எம் புள்ளைங்களுக்குக்கூடத் தெரியாது."

நான் ஸ்டூலுக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"ஆஷ்லி வீடும் மாடிதான? அவங்க ஜெபத்தையும் எங்க வீட்லதான வெச்சேன்? எல்லாரும் சும்மா இருந்தாங்க. நீ ஒருத்திதான் என்ன மொறச்ச" என்றார்.

உண்மைதான். ஆஷ்லி வீட்டு ஜெபமும் எங்கே நடந்தது என்று எனக்குத் தெரியும். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் சொல்லியிருக்கிறேன். என் வீட்டை மட்டும்தான் ஒதுக்குகிறார் என்று நானாக முடிவு கட்டி வயிறெரிந்ததில் அது உறைக்கவே இல்லை. வயிற்றெரிச்சலில் மாடி கட்டியவள் கண்ணுக்கு வாசற்படி தெரியவில்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவர்மேல் அப்படியொரு பாசமும் பொங்கிக்கொண்டு வந்தது. அத்தனை பேரை அதட்டி வேலை வாங்குகிற மனுஷி, ஒரு படிக்குப் பயந்து வருடக்கணக்கில் பொய் சொல்லிக்கொண்டு தனியாகக் கஷ்டப்பட்டிருக்கிறார்!

"மாதாவக் கீழ கொண்டாந்துர்றேங்க்கா. இந்தக் கட வாசல்லயே வெச்சுக்கலாம். எல்லாரையும் எறங்கச் சொல்றேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அந்த நிமிஷம் எனக்கு ஊஞ்சலும் வேண்டாம், சோபாவும் வேண்டாம்.

"பைத்தியமா உனக்கு? அவ்ளோ ஆசையா பண்ணியிருக்க." டோரதி அக்கா படியை அண்ணாந்து பார்த்தார். "அன்னிக்கு சோபாவக் கயித்துல தூக்குனீங்களே, ராத்திரி தூக்கம் வரல. என்னையும் அப்பிடித் தூக்கிருவீங்களோன்னு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவருக்கும்தான். சிரித்து முடித்து, ஸ்டூலிலிருந்து எழுந்தார். "கையப் புடி" என்றார்.

அவரைச் சுவர்ப் பக்கம் விட்டு நான் வெளிப்பக்கம் நின்றேன். ரெமிஜியஸைக் கூப்பிட்டு இரண்டு படி கீழே, பின்னால் வரச் சொன்னேன். முதல் படியில் காலை வைத்தார். இரண்டாவது படியில் நின்றுவிட்டார்.

"முடியாதுடி."

"ஜெபம் சொல்லுங்கக்கா. தலைவி நீங்கதான, நீங்கதான ஆரம்பிக்கணும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்தார். பாதி முடிந்ததும் நானும் ரெமிஜியஸும் மறுபாதியைச் சொன்னோம். ஒரு படி ஏறினோம். அடுத்த மந்திரம், அடுத்த படி. சத்தம் கேட்டு மேலே கைப்பிடிச் சுவரில் வரிசையாகத் தலைகள் எட்டிப் பார்த்தன. யாரும் சிரிக்கவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை. மெழுகுவர்த்திகளை வெளியே நீட்டி எங்களுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டே, மொத்த அன்பியமும் மாடியிலிருந்து பதில் சொல்ல ஆரம்பித்தது.

அந்த வெளிப்பக்கத்தில் நடந்தபோதுதான் ஒரு தடவை கீழே பார்த்தேன். ஐயோ, மாதாவே! தினம் இரண்டு வேளை ஏறி இறங்குகிற படிதான். இவ்வளவு உயரமா? "இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும்" என்கிற வரியை என் ஆயுசில் அவ்வளவு உருக்கமாக நான் சொன்னதில்லை. பின்னால் ரெமிஜியஸ் என்னைவிட உருக்கமாகச் சொன்னார், நாங்கள் இரண்டு பேரும் விழுந்தால் அவர்மேல்தான் விழுவோம்.

முதல் தேவ இரகசியத்தின் பத்து மணியும் படியிலேயே முடிந்தது. எங்கள் ஹாலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, சுவர் உள்ள உள்படியில் டோரதி அக்கா தானாகவே ஏறினார். மாடிக்கு வந்ததும் விளக்குகளைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், ஊஞ்சலைப் பார்த்தார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. எனக்கும் பயம்தான். மாதாவை ஊஞ்சலில் வைப்பதா என்று திட்டப் போகிறார்.

"பாவம், மாசம் பூரா வீடு வீடா அலையிறாங்க. காலத் தொங்கப் போட்டு உக்காரட்டும்" என்றார். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். "மெத்த நல்லாருக்கு குளோரியா. எங்க எடுத்த?"

மிச்ச ஜெபமாலை அங்கே நடந்தது. கீழே ஹோசூர் ரோட்டில் வண்டிகள் இரைந்தன. எனக்கு எதுவும் காதில் விழவில்லை. என் வீட்டில் ஜெபம் நடந்துகொண்டிருந்தது.

சுண்டல் தட்டு பாதிப் பேர் கைக்குப் போயிருக்கும், மழை பிடித்துக்கொண்டது. தூறல் கீறல் ஒன்றுமில்லை, எடுத்த எடுப்பில் கொட்டு கொட்டென்று கொட்டியது. பெர்கோலா சொன்னபடியே ஓப்பன் ஃபீல் கொடுத்தது. ஜாய்சன் மாதாவைப் பட்டுப்புடவையோடு சுருட்டித் தூக்கிக்கொண்டு ஓடினான். ஜனம் தட்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு எங்கள் ஹாலுக்குள் இறங்கியது. இடமில்லாத அந்த ஹாலில் அத்தனை பேரும் எப்படியோ அடங்கினார்கள், தரையில், ஒருத்தர் மடியில் ஒருத்தராக. நான் ரெமிஜியஸைப் பார்த்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை.

மழை விட்டு எல்லோரும் கிளம்பியபோது வெளிப்படி நனைந்து பளபளத்தது. டோரதி அக்கா வாசலில் நின்று அதைப் பார்த்தார்.

"வேணாங்க்கா. இங்கயே இருங்க" என்றேன்.

என் நைட்டி ஒன்றைக் கொடுத்தேன். பீரோமேல் மாதா, சோபாவில் டோரதி அக்கா. அன்றைக்கு எங்கள் வீட்டில் இரண்டு பி.ஜி.

விடிந்ததும் கிருஷ்ணப்பாவைக் கூப்பிட்டேன். "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள படிக்குக் கைப்பிடி வேணும்."

"இன்னைக்கா? ஸ்வல்ப டைம் கொடுங்க அக்கா."

"மேல ஒரு ஆள் எறங்க முடியாம உக்காந்திருக்காங்க. உங்களுக்கு எவ்ளோ டைம் வேணும்?"

டோரதி அக்காவை மாடிக்குக் கூட்டிப்போய் ஊஞ்சலில் உட்கார வைத்தேன். நாள் பூராவும் அங்கேயே காபி குடித்துக்கொண்டு, கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்து, "அந்தக் கம்பி கோணலா இருக்கு பாரு!" "கிருஷ்ணப்பா, நல்லா கெட்டியா அடி!" என்று கீழே உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். கட்டிய கயிறுகளை எப்போதோ அவிழ்த்துவிட்டிருந்தார், ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் மாதாவை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகக் கூட்டம் வந்துவிட்டது. கைப்பிடிக்குச் சிவப்புப் பெயின்ட் அப்போதுதான் அடித்து முடித்திருந்தார்கள். நான் எனக்கென்று புதிதாக எடுத்த வெள்ளைச் சுங்குடிச் சேலை கட்டியிருந்தேன்.

"அம்மா, கை வெக்க பேடா! பெயின்ட் ஈரம்!" என்று கிருஷ்ணப்பா கத்தினார்.

"கை வெக்கத்தானடா போட்டது" என்றார் டோரதி அக்கா. இறுகப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து, ஒவ்வொரு படியாகத் தானே இறங்கினார். கீழே வந்ததும் சந்தோஷத்தில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். நெற்றியிலும் நெஞ்சிலும் இரண்டு தோளிலும் சிவப்பு அப்பிக்கொண்டது. நான் சொல்லலாம் என்று வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

அன்றைக்கு முறை ஆஷ்லி வீடு. அதுவும் மாடி. அங்கேயும் படிக்குக் கைப்பிடி கிடையாது. பாடிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். "ஜெபம் எங்க வீட்ல" என்று டோரதி அக்கா சொல்லவில்லை. படிக்குக் கீழே நின்று, கூட்டத்தில் திரும்பிப் பார்த்து என்னைத் தேடினார். பெயின்ட் காயாத கையை நீட்டினார்.

சேலை போனால் போகிறது என்று இறுகப் பிடித்துக்கொண்டேன்.